திருப்பூரிலிருந்து புனே: லாரி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்

வெளிமாநிலத்துக்கு வீடு மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "லாரி என்றைக்குக் கிளம்புது, நீங்க என்றைக்குக் கிளம்பறீங்க?" இரண்டுக்கும் ஒரே தேதியைச் சொன்னால் அவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து எங்கள் கதையைச் சொல்லிவிடுவேன்.

திருப்பூரிலிருந்து புனேவுக்கு நாங்கள் மாறியபோது புதன்கிழமை காலையில் லாரி கிளம்பியது, மதியம் எங்கள் கார். வெள்ளி மதியம் புதுவீட்டுக் கதவைத் திறந்தோம். லாரி வந்தது ஞாயிறு ராத்திரி. எங்கள் சாமானோடு ஏற்றியிருந்த வேறொருவர் சரக்கை வழியில் கர்நாடகத்து ஹூப்ளியில் இறக்குவதற்கு ஒரு நாள் காத்திருந்ததாம். ஞாயிறு ராத்திரி வந்தும் குடியிருப்புக் காவலாளி உள்ளே விடவில்லை. இரவில் சாமான் இறக்கக் கூடாது என்பது அங்கே விதி. திங்கள் காலையில்தான் இறக்கினோம், ஒரு ராத்திரி வண்டி நின்றதற்குத் தனியாகக் காசு. அது வரைக்கும் வெறுந்தரையில் மூன்று ராத்திரி. காரில் இருந்தது இரண்டு பெட்டி துணி, ஒரு முறுக்கு டப்பா, மாமியார் கொடுத்த மாவடு. தலையணை ஒன்றுகூட இல்லை.

வீடு மாற்றுவதில் இரண்டு பயணங்கள் இருக்கின்றன. லாரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. இரண்டையும் முடிச்சுப் போடாமல் தனித்தனியாகத் திட்டமிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் திருப்பூர்–புனே கணக்குதான், ஆனால் கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் எங்கிருந்து ஹைதராபாத்துக்கோ மும்பைக்கோ போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

லாரி பிடிப்பது

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. லாரித் தொழிலே நம் பக்கம்தான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எங்கே போனாலும் புக்கிங் ஆபீஸ்தான். வீட்டுச் சாமான் கட்டி அனுப்பும் கம்பெனிகள் ஒரு வழி. நேராக புக்கிங் ஆபீஸ் போய் ரிட்டர்ன் வண்டி பிடிப்பது இன்னொரு வழி. மகாராஷ்டிராவிலிருந்து வெங்காயமும், நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வருகின்றன. இறக்கிய பிறகு காலியாகத் திரும்ப யாருக்கும் மனசு வராது. அந்த வண்டியில் நம் சாமான் ஏறினால் வாடகை நன்றாகக் குறையும்.

"அண்ணா, புனே பக்கம் ரிட்டர்ன் வண்டி இருந்தாச் சொல்லுங்க."

"இருக்குதுங்க. வெங்காய வண்டி ஒண்ணு எறக்கிட்டு இருக்குதுங்க. நாளைக்கா, நாளன்னைக்கான்னு மட்டும் கேக்காதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ரிட்டர்ன் வண்டி மலிவு, ஆனால் தேதி உங்கள் கையில் இல்லை. வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்க வேண்டிய நாள் உறுதியாகிவிட்டது என்றால் இந்த வழி வேண்டாம். பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம் என்றால் தாராளமாகப் போங்கள். ஏற்றும் முன் வண்டியின் உள்ளே ஏறி மோந்து பாருங்கள். வெங்காய வாடை மெத்தையில் ஏறினால் மூன்று மாதம் போகாது. கழுவி, காயவிட்டு, தார்பாய் விரித்த பிறகுதான் ஏற்றச் சொல்ல வேண்டும்.

கம்பெனி வழியாகப் போனால் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, வண்டி முழுசும் நமக்கா, வேறு ஆட்கள் சரக்கோடு சேர்த்து ஏற்றும் பார்ட் லோடா என்பது. பார்ட் லோடு என்றால் வழியில் நின்று நின்றுதான் வரும். எங்கள் ஹூப்ளிக் கதை அப்படி வந்ததுதான். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பெரும்பாலும் 14 அடி அல்லது 17 அடி வண்டியில் அடங்கிவிடும். சாமானோடு பைக் ஒன்றும் ஏற்ற வேண்டும் என்றால் 17 அடியே நல்லது.

பேசிய தொகையில் என்னென்ன அடக்கம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லிஃப்ட் இல்லாவிட்டால் மாடிக்கு ஏற்றும் கூலி, வரி. பலரும் மறப்பது ஒன்று உண்டு: பெரிய வண்டி உங்கள் புதுத் தெருவுக்குள் நுழையாவிட்டால் குட்டியானை என்கிற சின்ன வண்டிக்கு மாற்றி இறக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது? இதைப் பேசாமல் விட்டால் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு உங்களிடம் பேரம் பேசுவார்கள். பணம் முழுவதையும் ஏற்றும்போதே கொடுத்துவிட வேண்டாம். பாதிப் பணம் இறக்கிய பிறகு என்று பேசுங்கள்.

மாநில எல்லையில் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் ஆன்லைன் சீட்டு) வேண்டுமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டி விதியிலேயே விலக்கு உண்டு. ஆனால் அது பழைய வீட்டுச் சாமான்தான் என்று காட்ட டிரைவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். என்னென்ன பொருள், எத்தனை பெட்டி, எதற்காக மாறுகிறோம், பழைய முகவரி, புது முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பட்டியல் மூன்று பிரதி போதும். ஒன்று டிரைவருக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உங்களுக்கு. பெட்டி பிரிக்காத புது டிவியை இதோடு ஏற்றினால் அதன் பில்லையும் சேர்த்து வையுங்கள்.

சாமான் கட்டுவது

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் சொல்லித்தரத் தேவையே இல்லை. அட்டைப்பெட்டிக்கும் பஞ்சமில்லை, பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியான பனியன் வேஸ்ட்டுக்கும் பஞ்சமில்லை. பழைய பேப்பரைச் சுருட்டித் தட்டுகளுக்கு நடுவே திணிப்பதைவிட இந்த வேஸ்ட் எவ்வளவோ மேல். ஒரு மூட்டை வாங்கினோம். பீங்கான் தட்டு ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத் துணியில் சுற்றி, பெட்டியில் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கினோம். பெட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வேஸ்ட், மேலே மூடும் முன் இன்னொரு நான்கு விரல். ஆட்டிப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது. அந்தப் பெட்டியில் உடைந்தது ஒரே ஒரு காபி டம்ளர், அதுவும் நான் கடைசியில் சோம்பேறித்தனமாக ஓரத்தில் செருகியது. பிரித்த பிறகு அந்தத் துணிகள் ஒரு வருஷத்துக்குக் கைப்பிடித் துணியாக உழைத்தன. பீரோவுக்கும் கட்டிலுக்கும் பழைய பவானி ஜமுக்காளம். கனமான நெசவு, கயிறு அறுத்தாலும் பெயிண்ட் உரியாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எந்த அறைக்கு என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். "இதர" என்று எழுதிய பெட்டிகள் எங்கள் வீட்டில் ஏழு இருந்தன. பிரஷர் குக்கர் வெயிட்டைத் தேடி ஏழையும் பிரித்தோம்.

பிரிட்ஜை ஒரு நாள் முன்பே அணைத்துப் பனி உருகவிட்டுத் துடைத்து வைக்க வேண்டும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். இறக்கியதும் உடனே சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் சும்மா நிற்க விடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால் வாங்கியபோது பின்னால் கழற்றி வைத்த போல்ட்டுகளை மறுபடி மாட்டினால்தான் டிரம் ஆடாது. அந்த போல்ட்டை யாரும் எடுத்து வைத்திருப்பதில்லை என்பது வேறு விஷயம். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக்கூடாது. பைக்கில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். கிரைண்டரில் கல்லைத் தனியே எடுத்துக் கட்டுங்கள், கல்லும் டிரம்மும் ஒன்றாக இருந்தால் இரண்டில் ஒன்று போகும்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது, எந்த ஒழுங்கான டிரைவரும் ஏற்றவும் மாட்டார். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் புத்தகத்தோடு ஒப்படைத்தால் டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள். நீங்கள் அன்றைக்குக் கட்டிய டெபாசிட்தான் திரும்ப வரும். புது ஊரில் இன்றைய டெபாசிட் தொகை கட்டி, இந்த வவுச்சரைக் காட்டி இணைப்பு வாங்க வேண்டும். கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பே இதை முடித்துவிடுங்கள். அந்த நாட்களுக்கு ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் போதும், அதேதான் அங்கே போன பிறகும் கைகொடுக்கும்.

அப்புறம் ஆட்டுக்கல். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) விடவே இல்லை. "ஏஞ்சாமி, ஊட்டைக் காலி பண்ணீட்டு ஆட்டாங்கல்லை உட்டுட்டுப் போவாங்களா?" என்று லாரிக்காரரிடமே நியாயம் கேட்டார். கிரைண்டர் இருக்கிறது, நான்காவது மாடி, தரையெல்லாம் டைல்ஸ் என்று எதைச் சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் அம்மிச்சி வீட்டுக் கொல்லையிலேயே கல்லை வைத்துவிட்டு, குழவியை மட்டும் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். முறைத்தார். எடை பார்த்து வாடகை பேசும் வண்டியில் கல்லுச் சாமான் ஏற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி. அரிசிச் சிப்பமும் அப்படித்தான். பொன்னி புனேயிலும் கிடைக்கிறது. நாட்டுச்சர்க்கரையும் செக்கு எண்ணெயும் மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் டின்னை லாரியில் வைக்காமல் காரில் நிமிர்த்தி வையுங்கள்.

காகிதங்கள்

இது அலுப்பான வேலை, ஆனால் ஊரில் இருக்கும்போது ஒரு நாளில் முடிவது போன பிறகு மூன்று மாதம் இழுக்கும்.

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பத்தை வெளிமாநிலப் பள்ளிகள் பல கேட்கின்றன. சேரப் போகும் பள்ளியில் முதலில் கேட்டுவிட்டு, வேண்டும் என்றால் இங்கேயே வாங்கிவிடுங்கள். தடுப்பூசி அட்டை, மருத்துவ ஃபைல், கண்ணாடிச் சீட்டு, நகை, வீட்டுப் பத்திரம், லேப்டாப் எதுவும் லாரியில் ஏறக் கூடாது.

சொந்த வண்டி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருப்போம் என்று தெரிந்தால் மட்டும் படிவம் 28-இல் இங்குள்ள ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் முதலில் வேண்டும். அங்கே வரி கட்டிப் புது எண் வாங்கிய பிறகு, இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதி வருஷங்களுக்கானதைத் திரும்பக் கேட்கலாம். போலீஸ் நிறுத்தினால் எப்போது மாநிலத்துக்குள் வந்தீர்கள் என்று காட்ட டோல் கட்டிய விவரம் உதவும், அழிக்காதீர்கள். புது வண்டி வாங்கும் எண்ணம் இருந்து, நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள கம்பெனியில் வேலை என்றால், மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத, 2021-இல் வந்த பிஎச் (BH) வரிசை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தத் தலைவலியே இல்லை.

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆகாது. அந்தப் பதிவுப் பத்திரம்தான் பிறகு ஆதார், கேஸ், வங்கி எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று.

நாம் கிளம்புவது

லாரி ஏற்றி முடிந்த அன்றைக்கே காரை எடுக்காதீர்கள். உடம்பு அசந்திருக்கும். சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி தங்குங்கள். லாரி கர்நாடகத்தில் சித்ரதுர்கா தாண்டிவிட்டது என்று டிரைவர் சொன்ன பிறகு நீங்கள் கிளம்பினால் கணக்கு சரியாக வரும். டிரைவரின் எண்ணோடு புக்கிங் ஆபீஸ் எண்ணையும் வாங்கி வையுங்கள். டிரைவர் தூங்கும்போது போன் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது.

காரில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு என் கணக்கு, லாரி மூன்று நாள் வராவிட்டாலும் வாழ முடியுமா? ஆளுக்கொரு போர்வை, தலையணை, சுருட்டும் பாய். இன்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு பால் பாத்திரம், நான்கு தட்டு, ஒரு கத்தி. அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே குக்கரில் வைக்கும் நம்ம ஊர்ச் சாதத்துக்குத் தேவையானது ஒரு பையில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பல்பு ஒன்று, துடைப்பம், பக்கெட். பால் பாத்திரத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்ச வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் பாத்திரம் ஹூப்ளியில் இருக்கக் கூடாது.

சாலை

திருப்பூரிலிருந்து புனே ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டினேன் என்று பெருமை பேசுபவர்களை நம்பிக் கிளம்பாதீர்கள். குழந்தைகளோடு என்றால் இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் மதியத்துக்குள் சேர்வது சுகம்.

அவினாசியில் ஏறினால் பெருந்துறை, சங்ககிரி வழியாக சேலம் வரை 544-வது நெடுஞ்சாலை. அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வரை 44. காலை நாலு மணிக்குக் கிளம்பினால் சேலத்தில் விடியும். தொப்பூர் கணவாய் போகும்போது ஏற்றம்தான், பெரிய சிரமமில்லை. பொங்கலுக்கு ஊருக்குத் திரும்பும்போதுதான் அந்த இறக்கத்தில் கவனம் வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

பெங்களூருவுக்குள் நுழைய வேண்டாம். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில், ஊரைச் சுற்றிப் போகும் தனியார் சுங்கச் சாலையான நைஸ் ரோட்டில் ஏறினால் நேராகத் தும்கூர் சாலையில் விடும். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வந்த பாஸ்டாக் வருடப் பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளுக்குத்தான். 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முதலில் முடிகிறதோ அது. நைஸ் ரோட்டுக்கு அது செல்லாது, அங்கே தனியாகக் காசு கட்ட வேண்டும்.

சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் ஏறினால் தூரம் குறையுமே என்று யாராவது சொல்வார்கள். மைசூருவுக்குப் போகிறவர்களுக்குச் சரி. 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம், இரவில் போக்குவரத்துத் தடை. லாரியை அந்த வழியில் அனுப்பவே வேண்டாம்.

தும்கூரிலிருந்து புனே வரை 48-வது நெடுஞ்சாலைதான், குழப்பமே இல்லை. முதல் ராத்திரிக்கு சித்ரதுர்கா அல்லது தாவணகெரே. தாவணகெரே என்றால் காலையில் பெண்ணெ தோசை (வெண்ணெய் தோசை) சாப்பிடாமல் கிளம்பாதீர்கள், பாவம் சேரும். இரண்டாம் ராத்திரி கோலாப்பூர். பெல்காம் வரை உடைந்த கன்னடத்தில் சமாளித்துவிடலாம். அதற்கப்புறம் மராத்தி, இந்தி. சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் திடீர் திடீரென்று மாற்றுப்பாதை வரும், அதனால் கோலாப்பூருக்கு மேல் இருட்டில் ஓட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டியதும் ஊர் வந்துவிட்டது என்று மனசு தளரும். அங்கிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம், பிரேக் பிடிக்காத லாரிகள் பின்னாலிருந்து வந்து மோதியது எத்தனையோ தடவை. தொப்பூரில் செய்ததையே இங்கேயும் செய்யுங்கள். வேகத்தைக் குறைத்து, லாரிகளுக்கு நேர் முன்னால் மாட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி இறங்குங்கள்.

இறக்குவது

குடியிருப்புச் சங்கத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எந்த நாள், எந்த நேரம், எந்த லிஃப்ட் என்று அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைக் காவலாளியிடம் கொடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடாது என்பவர்களும் உண்டு.

வண்டி வந்ததும் ஒருவர் கீழே வண்டிப் பக்கம், ஒருவர் வீட்டு வாசலில். கீழே இருப்பவர் எண்ணைப் படிக்க, மேலே இருப்பவர் பட்டியலில் டிக் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலையை ஆறாவது படிக்கும் மகளிடம் கொடுத்தோம். 23-ஆம் நம்பர் பெட்டி வரவில்லை என்று வண்டியை விடாமல் நின்றவள் அவள்தான். தார்பாய்க்கு அடியில் கிடந்தது. டிரைவர்கள் "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, நோ என்ட்ரி நேரம் வந்துரும்" என்று அவசரப்படுத்துவார்கள். டீ வாங்கிக் கொடுங்கள், கையெழுத்தை மட்டும் பட்டியல் முடிந்த பிறகு போடுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால், கட்டில் கால் போயிருந்தால், ரசீதிலேயே எழுதி, போட்டோ எடுத்து, அதன் கீழே கையெழுத்து. நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்த பிறகு இன்ஷூரன்ஸ் கேட்டு ஒரு பைசா வராது.